வெயில் கூடிப்போன வன்னியில் கறுப்பு முந்திரிகை (திராட்சை): பழரசத்துக்கும் வைனுக்கும் பழம் எடுப்பது எப்படி

பிரான்சிலும் ஸ்பெயினிலும் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு வைன் செய்துவருகிற குடும்பங்கள் இன்றைக்குத் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கின்றன. பழம் அளவுக்கு மிஞ்சி இனிக்கிறது, அதுவும் நேரத்துக்கு முந்தி இனித்துவிடுகிறது, அதுதான் அவர்களுடைய தலையிடி. பிரான்சில் போன் என்ற ஊரில் 1354 முதல் எந்த நாளில் பழம் பறிக்கத் தொடங்கினார்கள் என்ற கணக்கு இருக்கிறது. 2019இல் அதை எடுத்து அடுக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், 1988க்குப் பிறகு பறிப்பு சராசரியாக 13 நாள் முந்திப் போயிருக்கிறது என்று கண்டார்கள். அறுநூறு வருசமாக ஏறியும் இறங்கியும் கிடந்த ஒன்று முப்பது வருசத்தில் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கிறது.

வன்னியில் பந்தல் போட்டிருக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவர்கள் பயப்படுகிற வெயில் எங்களுக்குப் பங்குனி, சித்திரையில் (மார்ச், ஏப்ரல்) வழக்கமான வெயில். இப்போது அதுவும் கூடிவிட்டது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுகிறபோதெல்லாம் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்ற பெயர்கள் அடிக்கடி வருகின்றன. ஆகவே அவர்கள் இப்போது தேடித் தேடிச் செய்கிற வேலைகளில் பாதி எங்களுக்கு நேரே உதவும். மீதிப் பாதி இங்கே சரிவராது, அதையும் சொல்கிறேன்.

பழத்துக்குள்ளே என்ன நடக்கிறது

இதை விளங்கிக்கொள்ளாமல் மற்றதைச் செய்து பயனில்லை, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முந்திரிகையில் முக்கியமாக இரண்டு புளிப்பு இருக்கிறது. ஒன்று டாட்டாரிக் அமிலம், மற்றது மாலிக் அமிலம். டாட்டாரிக் வெயிலுக்கு இலேசில் அசையாது. மாலிக் அப்படி இல்லை, பழம் மூச்சுவிடும்போது எரிப்பது அதைத்தான், சூடு ஏற ஏற வேகமாக எரிக்கும், இரவும் புழுங்கினால் இரவிலும் எரித்துக்கொண்டே இருக்கும். தோலில் வருகிற கருஞ்சிவப்பு நிறத்துக்கும் வெயில் ஆகாது. பழத்தின் சூடு 35 பாகை செல்சியசைத் தாண்டினால் நிறம் ஊறுவது குறைகிறது, ஊறிய நிறமும் சிதையத் தொடங்குகிறது. காற்று 34 பாகை என்று கைபேசி காட்டும், ஆனால் நேர் வெயில் விழுகிற கறுத்த குலையைத் தொட்டுப் பாருங்கள், காற்றைவிடப் பத்துப் பாகை கூடச் சூடாக இருக்கும்.

சீனி மட்டும் இதற்கெல்லாம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் கையில் வருவது என்னவென்றால் சீனி ஏறின, புளிப்பு இறங்கின, நிறம் வெளிறின, ஆனால் விதையும் தோலும் இன்னும் துவர்க்கிற ஒரு பழம். வைன் செய்கிறவருக்கு லீற்றருக்கு 17 கிராம் சீனி ஏறக்குறைய ஒரு வீதம் மதுசாரமாக மாறும், ஆகவே சீனி கூடினால் 12 வீதத்தில் நிற்க வேண்டியது 15க்குப் போய் நெஞ்சை எரிக்கும். ரசம் செய்கிறவருக்கு அதே பழம் சப்பென்ற இனிப்பையும் மண்ணிறத்தையும் தரும், போத்தலில் சீக்கிரம் பழுதாகவும் செய்யும். புளிப்பு என்பது வாய்க்கு மட்டும் இல்லை, அதுதான் ரசத்தைக் காப்பாற்றுவதும்.

சரி, அப்படியென்றால் எங்கள் பக்கத்து முந்திரிகை புளிக்கும் என்றுதானே சனம் சொல்லுகிறது? சொல்லுகிறது, காரணம் வேறு. கறுத்த உடனே வெட்டி விற்றுவிடுகிறார்கள். குரங்குக்கும் வௌவாலுக்கும் பயந்து வெட்டுவதும் உண்டு. நிறம் முந்தி வரும், முதிர்ச்சி பிந்தி வரும், இடையில் இரண்டு மூன்று கிழமை இருக்கிறது. அந்த இரண்டு மூன்று கிழமையை வெயிலிடம் இருந்து காப்பாற்றிக் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனை வேலையும்.

கத்தரி வைக்கிற நாள்

எங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் இது. மற்றதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை.

குளிர்நாட்டுக் கொடி மாரியில் உறங்கி வசந்தத்தில் துளிர்க்கும். எப்போது துளிர்ப்பது என்பதைக் குளிர் தீர்மானிக்கும். அங்கே இப்போது சிலர் வழக்கத்தைவிடப் பிந்திக் கத்தரித்து, துளிரைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, பழம் முதிர்கிற காலத்தை ஆவணி வெயிலில் இருந்து புரட்டாதிக் குளிர்ச்சிக்கு நகர்த்தப் பார்க்கிறார்கள். எவ்வளவு பாடுபட்டாலும் அவர்களால் நகர்த்த முடிவது சில கிழமைதான். எங்கள் கொடிக்கு உறக்கம் இல்லை. நாம் கத்தரித்த நாளில் இருந்துதான் அதற்குக் கணக்குத் தொடங்குகிறது. இந்தியாவில் நாசிக் பக்கத்தில் சித்திரையில் ஒரு முறை கொடி தேறுவதற்கும், ஐப்பசியில் ஒரு முறை காய்ப்பதற்குமாக இரண்டு தரம் கத்தரித்து, வைன் பழத்தைத் தை முதல் பங்குனிக்குள் எடுக்கிறார்கள். பிரேசிலின் தென்கிழக்கில் இரட்டைக் கத்தரிப்பு என்றே ஒரு முறை வைத்து, மழைக்காலத்தில் வரவிருந்த அறுவடையை வறண்ட குளிர்காலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 

ஆனால் நாசிக் திகதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஐப்பசியில் எங்களுக்கு மாரி தொடங்கும். ஐப்பசியில் வெட்டினால் கார்த்திகை அடைமழைக்குள் பூ வரும், பூவும் உதிரும், இலைக்குக் கீழே வெள்ளைப் பங்கசும் படரும், கிழமைக்கு இரண்டு முறை மருந்து அடிக்க வேண்டி வரும். தையில் வெட்டினால் பூவுக்கு மழைத் தொல்லை இல்லை, ஆனால் பழம் முதிர்வது சித்திரை வெயிலிலும் சித்திரை மாத இடிமழையிலும். அந்த மழை ஒரு நாள் பெய்தால் போதும், வறண்டு கிடந்த கொடி தண்ணீரை இழுத்துப் பழம் வெடிக்கும்.

என்னுடைய கணக்கு மார்கழி (டிசம்பர்) முதல் அரைவாசி. கத்தரித்ததில் இருந்து முதிர்ந்த பழம் கைக்கு வர மூன்றரை, நான்கு மாதம் என்று வையுங்கள். மார்கழி 10 அளவில் வெட்டினால் பூ தைக்குள் வரும், மழை அப்போது ஓயத் தொடங்கியிருக்கும், குலை நிறம் மாறுவது மாசிக் கடைசியில், இரவு இன்னும் குளிர்ச்சியாக இருக்கிற நேரத்தில். பங்குனிக் கடைசிக்குள் பழத்தை எடுத்துவிடலாம். முற்றாகத் தப்ப முடியாது, பங்குனி வெயில் கொஞ்சம் அடிக்கும், ஆனாலும் சித்திரை நடுவுக்கு இது எவ்வளவோ மேல். மார்கழியில் வெட்டுவதில் இருக்கிற ஆபத்து புயல். 2020 மார்கழி முதல் கிழமையில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. ஆகவே கார்த்திகையில் அவசரப்பட்டு வெட்டி வைக்காதீர்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை என்று வெட்டுங்கள். பெரிய பந்தல் என்றால் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு பகுதியாக வெட்டுவது நல்லது. ஒன்று பிழைத்தால் மற்றது தப்பும்.

வெட்டுவதற்கு முன் மழை விட்ட நேரமாகப் பார்த்துப் பழைய இலைகளை உருவிவிடுங்கள், அப்போதுதான் முகை ஒன்றுபோலத் துளிர்க்கும். ஒன்றுபோலத் துளிர்க்காவிட்டால் ஒரே கொடியில் ஒரு குலை கறுத்தும் மற்றது பச்சையாகவும் நிற்கும், பறிக்கிற நாளில் அழ வேண்டியதுதான்.

வருசத்தில் இரண்டாவது காய்ப்பும் எடுக்கலாம். வைகாசியில் வெட்டினால் ஆவணி, புரட்டாதியில் பழம். அது சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற காலம், ரசத்துக்கும் வைனுக்கும் வேண்டிய நிறம் அந்தப் பழத்தில் இறங்குவது கஷ்டம். அதைத் தின்னுகிற பழமாக விற்றுவிடுங்கள்.

பந்தலுக்குக் கீழே

பந்தல் எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். ஐரோப்பாவில் பெரும்பாலும் கம்பியில் நிமிர்த்தி வளர்க்கிறார்கள், குலைக்குப் பக்கத்து இலையைக் கிள்ளி வெயில் காட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். வெயில் கூடின பிறகு அந்தக் கிள்ளுகிற வேலையைப் பலர் நிறுத்திவிட்டார்கள், அல்லது காலை வெயில் படுகிற பக்கத்தில் மட்டும் கிள்ளுகிறார்கள். பந்தலில் குலை ஏற்கெனவே நிழலில் தொங்குகிறது. எங்களுக்கு வருகிற கேடு மற்றப் பக்கம்: யூரியாவை அள்ளிப் போட்டு இலை மண்டி, உள்ளே காற்றே போகாமல், நிறமும் வராமல் பங்கசும் பிடிக்கும்.

அளவு பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நடு மத்தியானம் பந்தலுக்குக் கீழே நின்று நிலத்தைப் பாருங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழ வேண்டும். நிலம் முழுக்கக் கறுத்த நிழல் என்றால் சில கிளைகளை எடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய வெளிச்சத் திட்டுகள் நிறைய இருந்தால், குலை வேகப் போகிறது, பக்கத்துக் கிளையை இழுத்து அந்த இடத்தை மூடிக் கட்டுங்கள்.

பந்தலின் மேற்கு ஓரம்தான் அதிகம் அடிபடும். பின்னேர வெயில் சரிந்து உள்ளே வந்து ஓரத்து மூன்று நான்கு வரிசைக் குலைகளைச் சுடும். சுட்ட குலையை அடையாளம் காண்பது இலேசு, மேற்குப் பக்கத்துப் பழங்கள் மட்டும் மண்ணிறமாகித் தோல் சுருங்கி உலர்ந்த முந்திரிகையாக நிற்கும், கிழக்குப் பக்கம் நல்ல கறுப்பாக இருக்கும். அந்த ஓரத்தில் நிழல்வலையை நிலைக்குத்தாகத் தொங்கவிடுங்கள். 30 வீத நிழல் போதும். நாற்றுமேடைக்கு வாங்குகிற கடும் நிழல்வலை வேண்டாம், அது நிறத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். வலை வாங்கக் காசில்லை என்றால் கிடுகு கட்டலாம், கொஞ்சம் இடைவெளி விட்டு. வலையில் இன்னொரு நன்மை, குரங்கு அந்தப் பக்கத்தால் நுழையச் சுணங்கும். தடுக்கும் என்று சொல்லவில்லை. வன்னிக் குரங்கைத் தடுக்க இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை, மயிலுக்கும் அப்படித்தான்.

குலைகளை எவ்வளவு விடுவது? பழைய வைன் பாடம், குலையைக் குறைத்தால் மிச்சக் குலை நன்றாக முதிரும் என்று சொல்லும். வெயில் நாட்டில் அதை அளவோடு எடுக்க வேண்டும். குலை மிகவும் குறைந்தால் சீனி இன்னும் வேகமாக ஏறும். குலை கூடினாலோ ஒன்றும் முதிராது. கிளைக்கு ஒன்று, வலுத்த கிளைக்கு இரண்டு என்று விட்டு, நிறம் மாறத் தொடங்கியும் பச்சையாகவே நிற்கிற குலைகளை அப்போது வெட்டி எறியுங்கள். இத்தாலியில் வேறொன்றும் செய்து பார்த்திருக்கிறார்கள்: பழம் பாதி முதிர்ந்த பிறகு குலைக்கு மேலே நுனிப்பக்கத்து இலைகளைக் கொஞ்சம் எடுத்துவிட்டால், சீனி ஏறுவது பிந்துகிறது, நிறம் அவ்வளவாகக் குறைவதில்லை. குலைக்குப் பக்கத்து இலையைத் தொடக்கூடாது. பந்தலில் நுனியைத் தேடிக் கிள்ளுவது சிக்கலான வேலை, ஆளும் வேண்டும், முதலில் ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள்.

தண்ணீர், வைக்கோல், பசளை

மேட்டுநிலத்தில்தான் பந்தல் போட வேண்டும், வயல் ஓரத்துத் தாழ்நிலத்தில் போட்டால் கார்த்திகையில் வேர் அழுகும். எங்கள் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. அந்த மண்ணில் வெயில் நேரே விழவிடாமல் மூடினால் பாதி வெற்றி. இதற்கு நல்ல நேரப் பொருத்தம் இருக்கிறது: காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயலெல்லாம் வைக்கோல் கிடக்கும், பலர் கொளுத்திவிடுவார்கள். எங்கள் குலை நிறம் மாறுவதும் அந்த நேரத்தில்தான். இழுத்து வந்து அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தில் இருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். வைக்கோல் இல்லாத இடத்தில் பனையோலையை வெட்டிப் போடலாம், சீமைக்கிளுவைக் குழையும் நல்லது.

சொட்டு நீர்ப்பாசனம் இருந்தால் பூ வந்து பிஞ்சு பிடிக்கும்வரை தாராளமாக விடுங்கள், அதன் பிறகு இழுத்துப் பிடியுங்கள். பழம் சின்னதாக இருந்தால் தோல் விகிதம் கூடும், தோலில்தான் நிறம். ஆனால் இழுத்துப் பிடிப்பது என்றால் காயப்போடுவது இல்லை. இலை பகலில் கொஞ்சம் தொங்கி, பொழுதுபட நிமிர்ந்தால் சரியான அளவு. விடிந்தும் தொங்கிக்கொண்டு இருந்தால் கொடி வாயை மூடிவிட்டது, பழம் சீனியும் சேர்க்காது நிறமும் சேர்க்காது, வெறுமனே வற்றி இனிக்கும். கடும் வெயில் எச்சரிக்கை வந்தால் வெயிலுக்கு முந்தின நாள் இரவு தண்ணீர் விடுங்கள். வாடின பிறகு விடுவது பிந்தின மருந்து.

பசளை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. பழம் இனிக்கப் பொட்டாசு போடு, சாம்பல் போடு என்று எல்லாரும் சொல்வார்கள். தின்னுகிற பழத்துக்குச் சரி. ரசத்துக்கும் சிவப்பு வைனுக்கும் பொட்டாசு கூடினால் அது டாட்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து பளிங்காகப் படிந்துவிடும், வெயில் தின்னாமல் விட்டுவைத்த அந்த ஒரு புளிப்பும் போய்விடும். பிரிட்ஜில் வைத்த ரசப் போத்தலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஒன்று பார்த்திருப்பீர்கள், அது சீனி இல்லை, இதுதான். மண்ணைப் பரிசோதிக்காமல் பொட்டாசு போடாதீர்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே மண் கொடுப்பது என்று சொல்வார். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் அதோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பறிப்பது

எங்கள் பெரியப்பாவோடு ஒவ்வொரு பங்குனியும் இந்தக் கதைதான் நடக்கும்.

“தம்பி, கறுத்திட்டுது, வெட்டுவம்.”

“கறுத்தால் காணாது பெரியப்பா, கடிச்சுப் பாருங்கோ.”

“குரங்கு கடிச்சிட்டுப் போன பிறகு நீ எதைக் கடிக்கப் போறாய்?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் வலை.

கடித்துப் பார்ப்பதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். காலையில், பந்தலின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் இருந்து, குலையின் மேல், நடு, நுனி எல்லா இடத்திலும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். முதலில் சாற்றை உறிஞ்சிப் பாருங்கள், நாக்கின் ஓரத்தில் புளிப்புத் தெரிய வேண்டும். அப்புறம் தோலை மட்டும் மென்று துப்புங்கள், விரலில் நிறம் ஒட்டினால் தோல் தயார். விதையைக் கடியுங்கள். பச்சை விதை நாக்கைப் பிடித்து இழுக்கும், முதிர்ந்தது மண்ணிறமாக நொறுங்கும். இதற்கு மேல் சீனி அளக்கிற ஒரு றிஃப்ராக்டோமீற்றரும் புளிப்பு அளக்கிற ஒரு பிஎச் மீற்றரும் வாங்கினால் நல்லது. இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் பிஎச் மீற்றரை வாங்குங்கள். சீனியை நாக்கே சொல்லும், புளிப்பை இனிப்பு மறைத்துவிடும்.

பிஎச் ஏறினால் புளிப்பு இறங்குகிறது என்று அர்த்தம். சிவப்பு வைனுக்கு 3.4 முதல் 3.6 வரையான பிஎச் நல்லது. 3.8க்கு மேலே போனால் பக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், அதோடு பாதுகாப்புக்குப் போடுகிற சல்பைற்றும் 3.5இல் தேவைப்பட்டதைவிட இரண்டு மடங்கு தேவைப்படும். ரசத்துக்கும் அதே எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். விதை இன்னும் முதிரவில்லை, ஆனால் பிஎச் 3.6ஐத் தொட்டுவிட்டது என்றால் என்ன செய்வது? பறித்துவிடுங்கள். புளிப்பு ஒரு முறை போனால் கொடி திருப்பித் தராது, துவர்ப்பைப் பிழிகிற இடத்தில் அடக்கலாம்.

வெப்ப நாட்டு வைன்காரர் செய்கிற இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே தோட்டத்தை இரண்டு தரமாகப் பறிப்பது. கால்வாசியைப் பத்து நாள் முந்தி, புளிப்பு நன்றாக நிற்கும்போது பறித்துப் பிழிந்து வைத்துவிட்டு, மீதியை நிறமும் மணமும் வந்த பிறகு எடுத்து, இரண்டையும் கலக்கிறார்கள். ரசத்துக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை, வெளியில் இருந்து எலுமிச்சையோ சிற்றிக் அமிலமோ தேடத் தேவையில்லை.

பறித்ததில் இருந்து போத்தல்வரை

விடியப்புறம் நான்கு மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தொடங்கி வெயில் ஏற முன்னம் முடித்துவிடுங்கள். பழத்தை உரப்பையில் அடைக்கக்கூடாது, அடியில் கிடப்பது நசுங்கி அப்போதே புளிக்கத் தொடங்கும். ஆழமில்லாத பிளாஸ்ரிக் கூடை நல்லது. நேரே வீட்டின் குளிர்ந்த மூலைக்குக் கொண்டுபோய்க் காம்பை நீக்கி, அழுகினதையும் வெயில் சுட்டதையும் பொறுக்கி எறியுங்கள். பொறுக்குகிற வேலைக்கு வீட்டில் கண் கூர்மையான ஆளை இருத்துங்கள், அவசரக்காரரை இருத்தாதீர்கள்.

ரசம் என்றால் பழத்தைக் கையால் நசித்து, தோலோடு எவர்சில்வர் பாத்திரத்தில் 60 முதல் 65 பாகைக்குச் சூடாக்கி, கால் மணித்தியாலம் அந்தச் சூட்டிலேயே கிளறிக்கொண்டு இருந்தால் நிறம் இறங்கும். கொதிக்கவிட்டால் ஜாம் மணம் வந்துவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். துணியில் கட்டி வடியவிடுங்கள், முறுக்கிப் பிழிந்தால் விதைத் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். வடிந்ததை இரண்டு மூன்று நாள் பிரிட்ஜில் வைத்து, அடியில் படிந்ததை விட்டுத் தெளிவை மட்டும் எடுத்து, 80 முதல் 85 பாகைக்குச் சூடாக்கிச் சூட்டோடு சூடாகக் கழுவிக் காய்ச்சின போத்தலில் நிரப்பி மூடுங்கள். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

வைன் என்றால் முதலில் சட்டம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம், வீட்டுக்குத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. மதுவரித் திணைக்களத்திடம் போய்க் கேட்டு அதை எடுத்த பிறகுதான் மற்றது.

அனுமதி உள்ளவர்களுக்குச் சொல்வது: நொதிக்கிற தொட்டியின் சூடுதான் வன்னியில் முதல் எதிரி. காலையில் இறக்கின கள் மத்தியானத்துக்குள் என்ன ஆகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிவப்பு வைன் 25 முதல் 30 பாகைக்குள் நொதிக்க வேண்டும். எங்கள் அறையே 32 பாகை, நொதித்தல் தன் பங்குக்கு இன்னும் சூட்டைக் கிளப்பும், 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் பாதியில் செத்துப்போகும், மிஞ்சின சீனியில் பக்டீரியா குடியேறும். ஆகவே ஒரு பெரிய தொட்டிக்குப் பதிலாக நாலைந்து சின்னத் தொட்டி வையுங்கள், சின்னது சீக்கிரம் ஆறும். வெளியே ஈரச் சாக்குச் சுற்றி விசிறி விடுங்கள். நன்றாகக் கழுவிய போத்தல்களில் தண்ணீரை உறையவைத்து உள்ளே இறக்குங்கள், மாற்றி மாற்றி இறக்க ஒரு பெட்டிப் பிரீசர் வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை நொதிக்கத் தொடங்க முன்னமே யோசித்து வையுங்கள். புளிப்புக் குறைவென்றால் டாட்டாரிக் அமிலத்தை நொதிக்க முன்னமே லீற்றருக்கு ஒரு கிராம் என்று போட்டு அளந்து பாருங்கள், பிஎச் ஏறக்குறைய 0.1 இறங்கும். வைனுக்கு எலுமிச்சை வேண்டாம். விதை முதிராத வருசத்தில் தோலை நெடுநாள் ஊறவிடாமல் நாலைந்து நாளில் பிரித்துவிடுங்கள்.

இனம் மாற்றலாமா

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இது, நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். பிரான்சில் வைனுக்குப் பெயர்போன போர்டோவில் 2021இல் ஆறு புதிய இனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், அதில் அரினார்னோவா, காஸ்தே, மார்செலான், தூரிகா நாசியோனால் நான்கும் சிவப்பு. அதுவும் தோட்டத்தில் 5 வீதத்துக்கு மேல் நடக்கூடாது, கலவையில் 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவு நிதானமாகக் கால் வைக்கிறார்கள். ஸ்பெயினில் டோரஸ் என்ற வைன் குடும்பம் 1980களில் இருந்து, அழிந்துபோனதாக நினைத்த கட்டலோனிய இனங்களைத் தேடி எடுத்து, வெயில் தாங்குவதை நட்டுப் பார்க்கிறது, ட்ரெம்ப் பகுதியில் ஏறக்குறைய 950 மீற்றர் உயரத்திலும் கொடி வைத்திருக்கிறது. வன்னியில் ஏறுவதற்கு மலை இல்லை, வவுனியாவே நூறு மீற்றர் உயரம்தான்.

யாழ்ப்பாணத்தில் நெடுநாளாக நிற்கிற இஸ்ரேல் புளூ என்ற இனத்தில் இருந்தே நாமும் தொடங்கலாம். நோய்க்கு ஓரளவு நின்றுபிடிக்கும், நடுகிற தடியும் இலேசில் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு நல்ல மணம், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, ஆனால் அங்கே மலைச்சாரல் காற்று வீசுகிறது. பிரான்சில் இருந்து வருகிற சொந்தக்காரர் பயணப் பெட்டிக்குள் இரண்டு தடி கொண்டுவந்து தருகிறேன் என்பார், மறுத்துவிடுங்கள். தாவரத் தொற்றுத் தடுப்பு அனுமதி இல்லாமல் தடி கொண்டுவருவது சட்டப்படி பிழை, அதோடு 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தோட்டங்களை அழித்த வேர்ப்பேனும் அப்படித்தான் தடியோடு கடல் தாண்டி வந்தது. மகாராஷ்டிராவில் உப்பும் வறட்சியும் தாங்க டொக் றிட்ஜ், 110ஆர் என்ற அடித்தண்டுகளில், அதாவது வேர் கொடுக்கிற வேறு கொடிகளில், ஒட்டி வளர்க்கிறார்கள். புதுப் பந்தல் போடுகிறவர்கள் இனத்தைவிட அடித்தண்டைப் பற்றி விவசாயத் திணைக்களத்தில் விசாரித்துப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே பந்தல் இருக்கிறவர்கள் இந்த வருசம் கொடியை மாற்ற வேண்டாம், வெட்டுகிற திகதியை மாற்றுங்கள்.

பறிப்பு முடிந்த உடனே தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், பலர் அப்படிச் செய்கிறார்கள். அடுத்த காய்ப்புக்கான முகை அந்த இலைகளில் இருந்துதான் சத்தெடுக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலிலும் வைக்கோல் மூடியபடியே இருக்கட்டும், கிழமைக்கு ஒரு முறையாவது நன்றாக நனையவிட்டு, பிழிந்து எஞ்சிய தோலையும் விதையையும் மாட்டெருவோடு மக்கவைத்து மாரிக்கு முன் வேரடியில் போடுங்கள்.